சூரியன் வெடித்தது தெரியும், புயல் வருமா?

"சூரியனில் பயங்கர வெடிப்பு! பூமியைத் தாக்க வரும் புயல்!" இப்படி ஒரு செய்தி அவ்வப்போது நம் போனில் வந்து விழும். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நாலாவது முறை அதே மாதிரி வரும்போது கண்டுகொள்ளாமல் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். 2024 மே மாதம் வந்ததும் அப்படி ஒரு செய்திதான். ஆனால் அந்த முறை, மே 10ஆம் தேதி, இருபது ஆண்டுகளாகக் காணாத பெரும் புயல் நிஜமாகவே வந்து சேர்ந்தது.

எது வெறும் பரபரப்பு, எது நிஜம் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாதா? ஓரளவுக்கு முடியும். சூரியன் வெடித்ததைக் கண்டுபிடிப்பது இன்று பெரிய வேலையே இல்லை. பல செயற்கைக்கோள்கள் இரவு பகலாக அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த வெடிப்பு பூமியில் என்ன செய்யும் என்று சொல்ல வேறொரு தகவல் வேண்டும். அது நம் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில்தான். விண்வெளி வானிலைக் கணிப்பின் மொத்தத் தலைவலியும் அங்கேதான் இருக்கிறது.

வெடிப்பது எது?

சூரியன் திடப்பொருள் இல்லை. மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவால் ஆனது. அதனால் எல்லா இடமும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. நடுக்கோட்டுப் பகுதி ஏறத்தாழ 25 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. துருவங்களுக்கு அருகே அதற்குப் பத்து நாள் கூடுதலாகப் பிடிக்கிறது. பிளாஸ்மாவோடு சேர்ந்து காந்தப்புலமும் இழுபடுகிறது. ரப்பர் பேண்டை இரு முனையிலும் பிடித்து முறுக்கிக்கொண்டே போனால் அங்கங்கே முடிச்சு விழுந்து புடைக்குமே, அதுபோல இந்தக் காந்தப்புலமும் சில இடங்களில் முறுக்கேறி மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த இடங்களில் உள்ளிருந்து வெப்பம் மேலே வருவது தடைப்படுவதால் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து இருண்டு தெரியும். சூரியப் புள்ளிகள் என்று நாம் சொல்வது அவற்றைத்தான்.

முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டும்போது காந்தக் கோடுகள் சட்டென அறுந்து வேறு விதமாக இணைந்துகொள்கின்றன. அதுவரை சேர்ந்திருந்த ஆற்றல் சில நிமிடங்களில் வெளியேறுகிறது. இதிலிருந்து இரண்டு வெவ்வேறு விஷயங்கள் பிறக்கின்றன. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுவார்கள்.

ஒன்று, சூரியப் பிழம்பு. இது ஒளி, முக்கியமாக எக்ஸ் கதிரும் புறஊதாக் கதிரும். இன்னொன்று சிஎம்இ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் பொருள் வெளியேற்றம். கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா, தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு, மாபெரும் மேகமாக வெளியே பாய்வது. பெரிய வெடிப்புகளில் இரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம். ஆனால் கட்டாயம் இல்லை. 2014 அக்டோபரில் சூரியனின் முகத்தில் 24 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் பெரிய புள்ளிக்கூட்டம் ஒன்று தோன்றியது. பூமியைப் பார்த்தபடியே ஆறு பெரிய பிழம்புகளைக் கக்கியது. குறிப்பிடும்படியான சிஎம்இ ஒன்றுகூட அவற்றோடு வரவில்லை. பூமியில் பெரிய புயலும் இல்லை.

பிழம்புகளை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று வகுப்புப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. எக்ஸுக்கு மேல் எழுத்து கிடையாது. எக்ஸ்2, எக்ஸ்10 என்று எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். "எக்ஸ் வகுப்பு வெடிப்பு" என்ற தலைப்பைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கத் தேவையில்லை. 2003 நவம்பர் 4இல் வந்த பிழம்பு, செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய பிறகு பதிவானவற்றிலேயே மிகப் பெரியது. உணரிகள் அளக்கும் எல்லையைத் தாண்டிவிட்டதால், எக்ஸ்28ஆக இருக்கலாம் என்று பின்னால் கணக்குப் போட்டுத்தான் சொன்னார்கள். ஆனால் அது சூரியனின் விளிம்பருகே வெடித்ததால் சிஎம்இயின் பெரும்பகுதி பூமியை விட்டு விலகிப் போய்விட்டது. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 30இல், அதைவிடச் சிறிய வெடிப்பின் சிஎம்இ வந்து மோதியபோதுதான் சுவீடனின் மால்மோ நகரத்தில் சுமார் 50,000 பேருக்கு மின்சாரம் போனது.

வந்து சேரும் மூன்று

வெடிப்பிலிருந்து பூமிக்கு வருபவை மூன்று. மூன்றுக்கும் வெவ்வேறு வேகம். ஆகவே முன்னறிவிப்பும் மூன்று விதம்.

முதலில் ஒளி. எட்டு நிமிடம் இருபது நொடியில் வந்துவிடும். எக்ஸ் கதிர்கள் பூமியின் பகல் பக்கத்து அயனி மண்டலத்தைக் கலக்கிவிட, நீண்ட தூர சிற்றலை வானொலித் தொடர்பு சில நிமிடங்களோ சில மணி நேரமோ அறுந்துபோகும். கடல் மேல் பறக்கும் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் இது தொல்லை. இதற்கு எச்சரிக்கை விடுக்கவே வழியில்லை. வெடிப்பை நாம் பார்ப்பதும் அது நம்மைத் தொடுவதும் ஒரே நொடி. ஒளியை முந்திக்கொண்டு வந்து சொல்ல ஆளில்லை. ஆகவே இங்கே கணிப்பு என்பது "அடுத்த 24 மணி நேரத்தில் எக்ஸ் வகுப்புப் பிழம்பு வர இவ்வளவு சதவீதம் வாய்ப்பு" என்ற அளவோடு நின்றுவிடும்.

இரண்டாவது, மின்னேற்றத் துகள்கள், முக்கியமாகப் புரோட்டான்கள். ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கோடு ஓடிவருபவை. பத்து இருபது நிமிடத்திலும் வரலாம், சில மணி நேரமும் ஆகலாம். இவை வந்துவிட்டதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சூரியனின் பிரகாசமான வட்டை ஒரு தகட்டால் மறைத்து, அதைச் சுற்றியுள்ள மங்கலான ஒளியை மட்டும் படமெடுக்கும் கருவிக்குக் கொரோனாகிராஃப் என்று பெயர். 1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலத்தின் கொரோனாகிராஃப் படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். மேகம் ஒன்று கிளம்பி விரியும்; கொஞ்ச நேரத்தில் படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் கொட்டத் தொடங்கும். பனிப்பொழிவு மாதிரி இருக்கும் அது நட்சத்திரமும் இல்லை, தூசியும் இல்லை. கேமராவின் சில்லில் புரோட்டான்கள் நேரடியாக வந்து மோதும் தடயம். விண்கலத்தின் கேமராவுக்கு ஆவதுதான் விண்வெளி வீரரின் உடலுக்கும் ஆகும். 1972 ஆகஸ்டில் இப்படி ஒரு கடுமையான துகள் புயல் வீசியது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, அப்பல்லோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. அந்த இடைவெளி வெறும் அதிர்ஷ்டம்.

மூன்றாவது சிஎம்இ. மெதுவானது மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்ளும், வேகமானது ஒரு நாளுக்குள் வந்துவிடும். மின்கட்டமைப்பைச் சாய்க்கக்கூடிய புவிகாந்தப் புயல் இதனால்தான் வருகிறது.

1859 செப்டம்பர் 1ஆம் தேதி காலை, ரிச்சர்ட் கேரிங்டன் என்ற ஆங்கிலேய வானியலாளர், தொலைநோக்கி வழியே திரையில் விழுந்த சூரியனின் பிம்பத்தைப் பார்த்துப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று ஒரு புள்ளிக்கூட்டத்தின் மேல் இரண்டு வெண்ணிற ஒளித் திட்டுகள் பளிச்சிட்டன. ஐந்து நிமிடத்துக்குள் மறைந்தன. ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் கழித்து பூமியின் காந்தப்புலம் கொந்தளித்தது. தந்திக் கம்பிகளில் மின்கலம் இல்லாமலேயே மின்சாரம் ஓடியது. சில இடங்களில் தந்தி ஊழியர்கள் மின்கலத்தைக் கழற்றிவிட்டு அந்த மின்சாரத்தைக் கொண்டே செய்தி அனுப்பினார்கள். அன்றைய பம்பாயின் கொலாபா ஆய்வகத்துக் காந்தமானி அப்போது பதிவு செய்த பெரும் சரிவை ஆய்வாளர்கள் இன்றைக்கும் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தந்திக் கம்பிக்கு நேர்ந்ததுதான் இன்றைய உயர் அழுத்த மின்கம்பிக்கும் நேர்கிறது. காந்தப்புலம் வேகமாக மாறினால் நீளமான கடத்திகளில் மின்னோட்டம் தூண்டப்படும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதிதான். 1989 மார்ச் 13 அதிகாலையில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், தூண்டப்பட்ட மின்னோட்டம் மின்கட்டமைப்பின் பாதுகாப்புக் கருவிகளை ஒவ்வொன்றாகத் துண்டித்தது. ஒன்றரை நிமிடத்தில் மொத்தமும் படுத்துவிட்டது. அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். அந்தப் பகுதியின் அடித்தளம் மின்சாரத்தை எளிதில் கடத்தாத பழம்பாறை. தரைக்குள் போக முடியாத மின்னோட்டம் கம்பிகளுக்குள் புகுந்துகொண்டது. ஒரே புயல் ஓர் ஊரை உலுக்கி இன்னோர் ஊரை விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்கா வடக்கா

இப்போது அந்தத் தலைவலிக்கு வருவோம். சிஎம்இ தன்னோடு காந்தப்புலத்தைச் சுமந்து வருகிறது என்று சொன்னேன். பூமிக்கும் ஒரு காந்தப்புலம் உண்டு. சூரியனைப் பார்க்கும் அதன் முன்பக்கத்தில் காந்தக் கோடுகள் வடக்கு நோக்கி ஓடுகின்றன. வரும் மேகத்தின் புலமும் வடக்கு நோக்கியே இருந்தால் அது பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால்தான் வினை. எதிரெதிர்க் கோடுகள் சந்திக்கும் இடத்தில் அறுந்து, ஒன்றோடொன்று இணைந்து, சூரியக் காற்றின் ஆற்றல் பூமியின் காந்த மண்டலத்துக்குள் பாய வழி திறக்கும். இந்த வடக்கு–தெற்குக் கூறைக் கணிப்பாளர்கள் "பி-இசட்" என்பார்கள். பி-இசட் எதிர்மறையாகி நீண்ட நேரம் அப்படியே நின்றால் புயல் உறுதி.

சிஎம்இ எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகம், எந்தத் திசையில் கிளம்பியது என்பதைத் தூரத்திலிருந்து படம் பார்த்துச் சொல்லலாம். அதற்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் படத்தில் பார்க்க முடியாது. மேகத்துக்குள் ஒரு காந்தமானி நேராக நுழைந்து அளந்தால்தான் தெரியும். அதற்காகவே பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கி.மீ. தொலைவில், சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கலத்தைப் பூமியோடு கூடவே சுற்றவைக்கும் எல்1 என்ற புள்ளியைச் சுற்றி, விண்கலங்களை நிறுத்தியிருக்கிறார்கள். 1997இல் போன ஏஸ், 2015இல் போன டிஸ்கவர் இரண்டும் அங்கே போனவைதான். இந்தியாவின் ஆதித்யா-எல்1 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது.

பதினைந்து லட்சம் கி.மீ. என்றால் பெரிய தூரம் மாதிரி தோன்றும். சூரியன் இருப்பதோ 15 கோடி கி.மீ. தள்ளி. மேகம் தன் பயணத்தில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை முடித்த பிறகுதான் நம் காந்தமானியைத் தொடுகிறது. நொடிக்கு 800 கி.மீ. வேகத்தில் வந்தால் மிச்சம் இருப்பது அரை மணி நேரம். கேரிங்டன் கண்ட வெடிப்பின் வேகத்தில் வந்தால் பத்து நிமிடம்தான்.

கணிப்பாளர் மேசையில்

அமெரிக்காவின் போல்டர் நகரில் இருக்கும் விண்வெளி வானிலைக் கணிப்பு மையத்திலும், பிரிட்டனின் வானிலை ஆய்வு நிறுவனத்திலும் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது புள்ளிக்கூட்டங்களை. அளவைவிடச் சிக்கல் முக்கியம். எதிரெதிர்க் காந்த முனைகள் ஒரே புள்ளிக்குள் நெருக்கியடித்துக் கிடந்தால் அதை டெல்டா வகை என்பார்கள். பெரிய வெடிப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். எப்போது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

வெடித்துவிட்டால் கவனம் கொரோனாகிராஃப் படத்துக்கு மாறும். மேகம் இடப்பக்கமோ வலப்பக்கமோ கிளம்பினால் நமக்குக் கவலையில்லை. நம்மை நோக்கி நேராக வருவது எப்படித் தெரியும்? மறைப்புத் தகட்டைச் சுற்றி முழு வளையமாக விரியும். ஆனால் சூரியனின் பின்பக்கத்திலிருந்து நமக்கு எதிர்த்திசையில் போகும் மேகமும் அச்சு அசலாக அப்படித்தான் தெரியும். அதனால் அதே நேரத்தில் நம் பக்கத்து முகத்தில் பிழம்பு ஏதாவது தெரிந்ததா என்று வேறொரு செயற்கைக்கோளின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

பிறகு மேகத்தின் வேகம், அகலம், திசை மூன்றையும் அளந்து கணினி மாதிரிக்குள் செலுத்துவார்கள். வழியில் வீசும் சூரியக் காற்று மேகத்தை எப்படித் தள்ளும், எப்படித் தடுக்கும் என்று அது கணக்குப் போட்டு வந்துசேரும் நேரத்தைச் சொல்லும். சராசரியாகப் பத்து மணி நேரம் முன்னே பின்னே ஆகலாம். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது அபத்தமாகத் தோன்றும். 15 கோடி கி.மீ. தள்ளிக் கிளம்பிய ஒன்றை, வழியில் அளக்க எதுவும் இல்லாமல் இவ்வளவு நெருங்கிச் சொல்வதே எனக்கு ஆச்சரியம்தான்.

தவறுவதும் உண்டு. 2014 ஜனவரி 7இல் சூரிய வட்டின் நடுவே இருந்த பெரும் புள்ளிக்கூட்டத்தின் பக்கத்தில் எக்ஸ் வகுப்புப் பிழம்பு. கூடவே அதிவேக சிஎம்இ. நேராக நமக்குத்தான் என்று எல்லா மாதிரிகளும் சொல்லின. துகள்களும் வந்து சேர்ந்தன. அவற்றால் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோகவிருந்த ராக்கெட் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பியது. ஆனால் எதிர்பார்த்த புவிகாந்தப் புயல் வரவே இல்லை. அருகிலிருந்த வலுவான காந்தப்புலம் மேகத்தைச் சூரியனின் அருகிலேயே பக்கவாட்டில் திருப்பிவிட்டிருந்தது.

2024 மே மாதம் நேர்மாறு. 13664 என்ற எண் கொண்ட புள்ளிக்கூட்டம், ஓரத்திலிருந்து ஓரம் வரை பூமியைப் போலப் பதினைந்து மடங்கு அகலம். சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பல மேகங்களைப் பூமியை நோக்கி அனுப்பியது. பின்னால் கிளம்பியவை முன்னால் போனவற்றைப் பிடித்து அமுக்கின. போல்டர் மையம் ஜி4 அளவு (ஐந்து படிகளில் நான்காவது) புயலுக்கான முன்கவனிப்பு அறிவிப்பை வெளியிட்டது. 2005க்குப் பிறகு அப்படி ஓர் அறிவிப்பு அதுவே முதல் முறை. மேகம் எல்1ஐத் தொட்டபோது பி-இசட் தெற்கே ஆழமாக விழுந்தது. வந்தது ஜி5. துருவ ஒளியை வழக்கமாகப் பார்க்கவே முடியாத இடங்களிலெல்லாம் வானம் சிவந்தது. லடாக்கின் ஹான்லேயில் இருந்த கேமராக்களிலும் அந்தச் சிவப்பு பதிவானது. அமெரிக்காவில் விதைப்புக் காலம் அது. ஜிபிஎஸ் பார்த்து நூல் பிடித்த மாதிரி ஓடும் டிராக்டர்கள் தடம் தெரியாமல் நின்றன. மின்கட்டமைப்புகள் தாக்குப்பிடித்தன.

அறிவிப்பைப் படிப்பது எப்படி

மூன்று வருகைக்கும் மூன்று அளவுகோல்: வானொலித் தடைக்கு ஆர், துகள்களுக்கு எஸ், புவிகாந்தப் புயலுக்கு ஜி. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. "முன்கவனிப்பு" என்றால் சிஎம்இ கிளம்பிவிட்டது, வரக்கூடும். ஓரிரு நாள் அவகாசம். "எச்சரிக்கை" என்றால் எல்1 தாண்டியாயிற்று அல்லது தாண்டப் போகிறது. நம் போனில் வரும் பரபரப்புச் செய்திகள் பெரும்பாலும் முதல் வகையை வைத்து எழுதப்படுபவை. ஜி1, ஜி2 எல்லாம் ஆண்டுதோறும் பல முறை வந்துபோகும். நமக்கு எதுவும் தெரியாது.

அதற்காக ஜி1ஐ ஏளனமாகவும் நினைக்க வேண்டாம். 2022 பிப்ரவரி 3இல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 49ஐ ஒரே ராக்கெட்டில் ஏவினார்கள். முதலில் விட்ட உயரம் சுமார் 210 கி.மீ. அப்போது வந்தது மிதமான புயல்தான். ஆனால் அது கொண்டுவந்த ஆற்றலில் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பியது; காற்றின் இழுவை முந்தைய ஏவுதல்களைவிட 50 சதவீதம் வரை கூடியது. நாற்பதுக்கு நெருக்கமான செயற்கைக்கோள்கள் மேலே ஏற முடியாமல் திரும்பி விழுந்து எரிந்தன.

அறிவிப்பு கையில் இருந்தால் செய்ய நிறைய இருக்கிறது. மின்வாரியங்கள் பராமரிப்பு வேலையைத் தள்ளிப்போட்டு எல்லா வழித்தடங்களையும் திறந்துவைக்கலாம், கூடுதல் மின்னுற்பத்தியைத் தயாராக வைக்கலாம். விமானங்கள் துருவப் பாதையைத் தவிர்க்கலாம். விண்வெளி வீரர்கள் கலத்தின் தடித்த சுவருள்ள பகுதிக்குப் போய்விடலாம். சில நேரம் தகவல் தெரிந்தாலே போதும். 1967 மே 23இல், பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, வட துருவப் பக்கத்து அமெரிக்க ஏவுகணை எச்சரிக்கை ராடார்கள் மூன்றும் ஒரே நேரத்தில் குழம்பின. எதிரி வேண்டுமென்றே முடக்குகிறான் என்றால் அது போருக்கான அழைப்பு. சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்த ராணுவக் கணிப்பாளர்கள், இது வெடிப்பிலிருந்து வந்த ரேடியோ அலை என்று மேலதிகாரிகளுக்குச் சொன்னதால் விபரீதம் தவிர்ந்தது.

நீண்டகாலக் கணிப்பும் உண்டு. புள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். 2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆவது சுழற்சியின் உச்சம் 115 என்று நிபுணர் குழு சொன்னது. அது 2024இலேயே 160ஐத் தொட்டது. உச்சம் முடிந்தால் ஆபத்தும் முடிந்தது என்றும் இல்லை. மேலே சொன்ன 2003 புயல்கள் அந்தச் சுழற்சி இறங்கிக்கொண்டிருந்தபோது வந்தவை.

அந்த அரை மணி நேரத்தை எப்படி நீட்டுவது? ஐரோப்பிய விண்வெளி முகமை 2031 வாக்கில் விஜில் என்ற கலத்தை எல்5 என்ற புள்ளிக்கு அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. பூமிக்கு 60 பாகை பின்னால் நின்று, நம்மை நோக்கித் திரும்பப் போகும் சூரிய முகத்தைச் சில நாள் முன்னதாகவே பார்க்கும்; கிளம்பிய மேகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து வேகத்தை இன்னும் துல்லியமாக அளக்கும். வந்துசேரும் நேரக் கணிப்பு மேம்படும். பி-இசட் சிக்கல் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் விஜில் மேகத்தின் வழியில் நிற்காது.

அதற்கு வழியிலேயே ஒரு கலம் வேண்டும். 2022 மார்ச்சில் அப்படி ஒரு வாய்ப்பு தற்செயலாக அமைந்தது. சோலார் ஆர்பிட்டர் விண்கலம், தன் போக்கில் போகும்போது, சூரியனுக்கும் பூமிக்கும் ஏறத்தாழ நடுவே வந்தது. அந்தச் சமயத்தில் கிளம்பிய சிஎம்இக்கள் முதலில் அதன் மேல் மோதிவிட்டு வந்தன. அவற்றின் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பூமிக்கு வந்து சேரும் முன்பே, அரை மணி நேரம் அல்ல, ஒரு நாளுக்கும் மேலாகவே முன்னதாகத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு கலத்தை அங்கேயே நிரந்தரமாக நிறுத்த முடியாது. சூரியனுக்கு அருகே இருக்கும் எதுவும் பூமியைவிட வேகமாகச் சுற்றி வழியைவிட்டு விலகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல கலங்களை வரிசையில் சுற்றவிட்டு, எப்போதும் ஏதாவது ஒன்று வழியில் இருக்கும்படி செய்யலாமா என்றுதான் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.